கூண்டு கட்டி ஆடுகிறவன்

ரக்பியை எங்களில் ஒருவரும் ஆடியதில்லை. மைதானத்தில் நின்று பார்த்தவர்கூடக் கிடையாது. ஆனால் ரக்பியை மேஜை மேல் வைத்துக் காய்களாலும் பகடையாலும் ஆடும் ஆட்டம் ஒன்றை, விளாங்குடியில் என் லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் அறையில், நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஆடுகிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஞாயிறு முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டு சோபாவில் கிடக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு என்ன யோக்கியதை வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் எனக்கு வளைகுடாவில் கிடைத்தது. அங்கே வால்வு செய்யும் பட்டறையில் ஆறு வருடம் லேத் ஓட்டினேன். சூப்பர்வைசர் நியூஸிலாந்துக்காரர். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவருக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த கேம்ப்பில் மத்தியானம் நிதானமாக இருக்கும் ஆள் நான்தான் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஊர் திரும்பும்போது விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஆட்டம் முடிந்தபின் ஜெயித்தவனுக்கு என்ன, தோற்றவனுக்கு என்ன என்று அந்தப் பக்கங்களில்தான் எழுதியிருந்திருக்கும். இல்லாத பக்கங்களை நான் எழுதிக்கொண்டேன்.

மைதானத்தை ஆரப்பாளையத்தில் கல்யாண பேனர் அடிக்கும் கடையில் பிளெக்ஸில் அடித்தேன். நீளம் இருபது கட்டம், அகலம் பதினொன்று. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வெறும் பச்சைக் கட்டங்களைப் பார்த்துவிட்டு, “போட்டோ எங்கண்ணே வரும்? ஒரு ஓரத்துலயாச்சும் உங்க மூஞ்சிய வைக்கவா?” என்று கேட்டார். இந்த ஊரில் மூஞ்சி இல்லாமல் பேனர் அடிக்க வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விதிகள் கஷ்டமே இல்லை. பக்கத்துக்கு ஒன்பது காய். ஆட்டம் இரண்டு பாதி, பாதிக்கு ஆளுக்கு எட்டு முறை. உன் முறை வந்தால் உன் ஒன்பது காயும் தலைக்கு ஒரு வேலை செய்யலாம். நடக்கலாம், எதிரியை முட்டலாம், பந்தைக் கைமாற்றலாம். பந்தைப் பின்னாலோ பக்கத்திலோதான் கொடுக்க முடியும். முன்னால் எறிய முடியாது. பந்தோடு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி. எதிரிக் காயை ஒட்டி நின்றால் அதனிடமிருந்து நழுவுவதற்குப் பகடை போட வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் இத்தனை கட்டம் என்று ஒரு நடை உண்டு. அதற்கு மேல் இரண்டு கட்டம் எட்டி வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பகடை. ஒன்று விழுந்தால் காய் குப்புற விழும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. உன் காய் உன் முறையில் விழுந்தாலோ பந்து கை நழுவினாலோ அந்த நொடியே உன் முறை முடிந்தது. மிச்சம் எட்டுக் காயும் பேசாமல் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் தந்திரம் முழுவதும் புரிந்த மாதிரி. பகடை தேவைப்படாத வேலைகளை முதலில் முடி. நகர்த்த வேண்டியவனை நகர்த்து, அடைக்க வேண்டிய இடத்தை அடை. ஆபத்தான வேலையைக் கடைசியில் வை. பாதிக்கு இரண்டு தடவை விழுந்த பகடையை மறுபடி உருட்டலாம். அந்த இரண்டும் பந்துக்கு மட்டும்தான். ரோஷத்துக்கு இல்லை. இதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஒருவர் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். பஸ் ஏறி வருவார். அவருடைய காய்கள் முழுப் பாக்குகள், அடியில் ஆணி குத்தி நிற்க வைத்தவை. அவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம் முட்டுவது. பந்து கிழக்கே கிடந்தால் மேற்கே நிற்பவனை முட்டுவார். “விழுந்தான் பாத்தியா” என்பார். விழுந்தான், சரி, பந்து எங்கே என்று கேட்டால், “அது கெடக்கட்டும் மாப்ள” என்பார். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்னொருவன் என் வயதுக்காரன், பழைய ஊருக்குள் தையல் சாமான் கடை வைத்திருக்கிறான். பட்டன், ஜிப், லைனிங் துணி. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதே கடை. அவனுடைய அணி முழுக்கப் பட்டன். பெரியது மேல் சின்னது ஒட்டி ஆள் மாதிரி செய்திருந்தான். அவன் ஒருவனுக்குத்தான் கொஞ்சம் மூளை உண்டு, ஆனால் பாதி ஆட்டத்தில் போன் வந்துவிடும். “பேபி பிங்க்ல ரெண்டு பாக்கெட் இருக்கு பாய், அனுப்பி வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்” என்று பேசிக்கொண்டே ஓடக்கூடாதவனை ஓடவிடுவான்.

நான் எழுதிக்கொண்ட பக்கத்தில் ஒரு விதி வைத்தேன். எங்கள் பக்கம் சேவல் கட்டில் தோற்ற சேவலை ஜெயித்தவன் தூக்கிக்கொண்டு போவான். கோச்சை என்று பெயர். எத்தனை மாதம் வளர்த்தாய், என்ன தீனி போட்டாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதேதான் இங்கும். தோற்றவனின் ஒன்பது காயில் எது வேண்டுமோ அதை ஜெயித்தவன் எடுத்துக்கொள்ளலாம். தன் அணியில் இறக்கலாம், அல்லது சும்மா வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் சமனில் முடிந்தால் கோச்சை கிடையாது. இப்படி ஒன்று இல்லாவிட்டால் இவர்கள் ஆட்டத்தை வடை தின்னும் இடமாக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜெயித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் நான்தான். எடுத்ததையெல்லாம் கிரீஸ் டப்பா ஒன்றைக் கழுவி அதில் போட்டு வைத்தேன். பாக்கும் பட்டனும் என் அணியில் நிற்க லாயக்கில்லை. பட்டன் கடைக்காரனிடமிருந்து ஒரு தடவை கொம்புப் பட்டன் ஒன்றை எடுத்தேன். அவனுடைய அத்தாவின் நிக்காஹ் கோட்டிலிருந்து வந்ததாம். எடுத்தபிறகுதான் சொன்னான். “அப்ப அத வீட்லல்ல வச்சிருக்கணும். ஏன் மாப்ள ஆட்டத்துக்குக் கொண்டுவந்த?” என்று கேட்டேன்.

என் அணி லேத்தில் கடைந்தது. எட்டுக் காய் இரும்பு. ஒன்பதாவது பித்தளை, அவன்தான் ஓட்டக்காரன். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வால்வுத் தண்டு ஒன்றில் செய்தது. சொந்த லேத் வாங்கி வைத்ததும் முதலில் அதில் பூட்டியது அந்தத் தண்டைத்தான், வாடிக்கைக்காரன் வேலையை இல்லை. உடம்பைக் கடைந்துவிட்டு, முன்னால் சாய்ந்து ஓடுகிற மாதிரி அரத்தால் மூன்று வாரம் ராவினேன். சாய்ந்தால் கீழே விழும், விழாமல் இருக்க அடியை எவ்வளவு கனமாக விட வேண்டும் என்று நாலு தடவை தப்பாகச் செய்து ஐந்தாவதாக வந்தவன் இவன். ஆறு வருடம் அடுத்தவன் கம்பெனிக்கு வால்வு கடைந்தேன். எனக்கென்று கடைந்தது இது ஒன்றுதான். யாரும் என்னிடமிருந்து அவனை எடுத்ததில்லை.

பிறகுதான் பேங்க்காரன் வந்து சேர்ந்தான். திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்தவன், முப்பது வயதிருக்கும். மோட்டார் ஷாப்ட் ஒன்றைக் கடைய என் பட்டறைக்கு வந்தவன் மேலே சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டான். அடுத்த ஞாயிறு ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் அணியோடு வந்தான். ஒன்பதும் ஊதா. ஒவ்வொன்றுக்கும் பஞ்சு வைத்த தனித்தனிக் குழி. கூடவே முழு விதிப்புத்தகம், பக்கம் பக்கமாக லேமினேட் செய்தது.

“அண்ணே, இந்தக் கோச்சை ரூல் புக்குல இல்லையே?” என்று வந்த அன்றே கேட்டான்.

“அது உன் புக்கு. இது மதுர புக்கு” என்றேன்.

அவனுடைய ஆட்டத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பந்து வைத்திருப்பவனைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு பேரை நிறுத்துவான். இதற்குக் கூண்டு என்று பெயர். உள்ளே இருப்பவனைத் தொட வேண்டுமானால் முதலில் மூலை ஒன்றை உடைக்க வேண்டும். கூண்டை ஒரு முறைக்கு இரண்டு கட்டம் நகர்த்துவான். கவர்மென்ட் ஆபீஸில் பைல் நகர்கிற மாதிரி நகரும். கோட்டுக்கு ஒரு கட்டம் முன்னால் வந்ததும் நின்றுவிடுவான். தாண்ட முடியும், தாண்டமாட்டான். எட்டாவது முறை வரட்டும் என்று நிற்பான். அப்போதுதான் எதிரிக்குத் திருப்பி அடிக்க நேரம் இருக்காதாம். கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவான். தப்பில்லைதான். ஆனால் எட்டாவது முறைக்காக வாசலில் நிற்கிற ஆட்டத்தை ஒரு ஆட்டம் என்று நான் சொல்லமாட்டேன். க்யூவில் நிற்பதற்கு எதற்குப் பகடை?

அவனை இரண்டு தடவை ஜெயித்து இரண்டு பிளாஸ்டிக்கை எடுத்தேன். “எடுத்துக்கங்கண்ணே” என்று சிரித்தான். அடுத்த வாரம் அதே மாதிரி இரண்டு கூரியரில் வந்துவிட்டது. அவனிடம் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றும் கிடைக்காது, அவனுக்கு ஒன்றும் போகாது. எனக்குப் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்தோம். காய்களை அடுக்கும்போதே வெற்றிலைக்காரர் ஆரம்பித்தார். “மாப்ள, இன்னைக்கு சாரு ஜெயிச்சாருன்னா பித்தளையத்தான் தூக்குவாரு. துடைச்சுக் கிடைச்சு வச்சுக்க.”

“ஜெயிக்கட்டும் பாப்போம்” என்றேன். பேங்க்காரன் ஊதாப் பெட்டியைத் திறந்து பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பாதி அவனுக்குப் பந்து. கூண்டு. எட்டு முறையும் கூண்டு. ஏழாவதில் கோட்டை ஒட்டி நின்றான், எட்டாவதில் தாண்டினான். ஒன்றுக்குப் பூஜ்யம். எனக்குப் பந்தைத் தொடக்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாதி எனக்குப் பந்து. இரும்புக் காய் ஒன்று அதைப் பொறுக்கும்போது நழுவவிட்டது, மறு உருட்டல் ஒன்று போனது. பரவாயில்லை, அது பந்துக்குப் போனது. மூன்றாவது முறையிலேயே பித்தளை இடது ஓரமாகப் பதினோரு கட்டம் ஓடிக் கோட்டைத் தாண்டினான். ஒன்றுக்கு ஒன்று.

“சீக்கிரம் தாண்டிட்ட மாப்ள” என்றான் பட்டன் கடைக்காரன். “அவருக்கு இன்னும் ஆறு முறை இருக்கு.”

“ஓடுறவன் ஓடத்தான் செய்வான். வாசல்ல நின்னு பிச்சையா எடுப்பான்?” என்றேன்.

பேங்க்காரன் மறுபடி கூண்டு கட்டினான். கூண்டின் முன் மூலையில் அவனுடைய தடியன் ஒருவன், ஊதாவில் கொழுத்தவன். அவனை முட்டுவதால் எனக்குப் பிரயோஜனம் இல்லை, உடைக்க வேண்டியது பின் மூலை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆறாவது முறையில் அந்தத் தடியனை முட்டினேன். ஆளுக்கொரு பகடை, பெரிய எண் ஜெயிக்கும். எனக்கு இரண்டு, அவனுக்கு ஐந்து. பேங்க்காரன், “இட்ஸ் ஓகேண்ணே” என்றான். அந்த ஓகேயைக் கேட்டதும் மிச்சமிருந்த ஒரே மறு உருட்டலையும் எடுத்துவிட்டேன். ஆறு விழுந்தது. தடியன் சாய்ந்தான். வெற்றிலைக்காரர் தொடையைத் தட்டினார். அவர் பாராட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது நான் செய்தது மடத்தனம் என்று. அடுத்த முறையே தடியன் எழுந்து பழைய இடத்தில் நின்றான்.

ஏழாவது முறையில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பின் மூலையை உடைத்து, பந்துக்காரனை முட்டி விழவைத்து, மைதானத்தின் நட்டநடுவில் கிடந்த பந்தைப் பித்தளையால் பொறுக்கினேன். பேங்க்காரன் தன் முறையில் ஊதாக் காய் ஒன்றை விட்டுப் பித்தளையை முட்டிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் நான்கு. யாரும் விழவில்லை. ஆனால் அந்த ஊதாக் காய் என் ஓட்டக்காரனை ஒட்டிக்கொண்டு நின்றது.

என் எட்டாவது முறை. கோட்டுக்குப் பத்துக் கட்டம். பித்தளைக்கு நடை ஒன்பது, ஒரு கட்டம் எட்டி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒட்டி நிற்பவனிடமிருந்து நழுவ வேண்டும், மூன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும். நழுவாமல் நின்றால் ஆட்டம் அநேகமாகச் சமன். பித்தளை என்னிடமே இருக்கும். கையில் மறு உருட்டல் இல்லை.

பேங்க்காரன் தலையை நிமிர்த்தி, “டிரா வச்சுக்குவோமாண்ணே? நல்ல மேட்ச்” என்றான்.

“அப்படியே விட்டுரு மாப்ள” என்றான் பட்டன் கடைக்காரன்.

“ஓடுறவன் ஓடத்தான் செய்வான்னு சொன்னது ஆருப்பா?” என்றார் வெற்றிலைக்காரர்.

மூன்று பேர் பேச்சில் எது என்னை உருட்டவைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். வெற்றிலைக்காரர் இல்லை. அவர் பேச்சுக்கு நான் மரியாதை கொடுத்ததே கிடையாது. அந்த “நல்ல மேட்ச்”தான். எட்டு முறை வாசலில் நின்றவன் எனக்குச் சான்றிதழ் கொடுக்கிறான். உருட்டினேன்.

இரண்டு விழுந்தது.

பித்தளை குப்புற விழுந்தான். பந்து ஒரு கட்டம் துள்ளி ஊதா ஓட்டக்காரன் பக்கத்தில் போய் நின்றது. என் முறை முடிந்தது. அவனுக்கு ஒரே ஒரு முறை பாக்கி. என் கோட்டுக்குப் பத்துக் கட்டம், அவன் காய்க்கு நடை எட்டு. பந்தைப் பொறுக்கப் பகடை, எட்டி வைக்கும் இரண்டு கட்டத்துக்கும் பகடை. இந்த ஆள் இப்படி ஒரு காரியத்தை ஒரு நாளும் செய்ததில்லை.

“விழுந்தாலும் டிராதானே, சும்மா பாப்போம்” என்றான்.

பொறுக்கும்போது ஒன்று விழுந்தது. நான் மூச்சு விட்டேன். அவன், “மறுபடி” என்றான். அவனிடம் மறு உருட்டல் ஒன்று மிச்சம் இருந்தது. பந்துக்கென்று எடுத்து வைத்திருந்தான். நூறு தடவை நான் சொன்னதை ஒருவன் கேட்டிருக்கிறான், அது இவன். ஐந்து விழுந்தது. எட்டுக் கட்டம் நடந்தான். எட்டி வைத்த முதல் கட்டத்துக்கு இரண்டு விழுந்தது. இரண்டாவது கட்டத்துக்கு நான்கு. தாண்டிவிட்டான். இதைத் தைரியம் என்று வெற்றிலைக்காரர் சொன்னார். இழக்க ஒன்றும் இல்லாதவன் உருட்டுவதற்குப் பெயர் தைரியம் இல்லை என்று எனக்கு இன்றைக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

இரண்டுக்கு ஒன்று, ஆட்டம் அவனுக்கு.

பேங்க்காரன் தன் காய்களைக் குழியில் வைக்க ஆரம்பித்தான். “கோச்சையெல்லாம் வேணாம்ணே. புக்குல இல்லாத ரூல்தானே அது. நீங்க ஆசையா செஞ்சது.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பித்தளை என் பக்கம் குப்புறக் கிடந்தான், எடுத்து பாக்கெட்டில் போட்டால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் கை அவன் மேல் போகவும் செய்தது.

“ஆமா, புக்குலதான் இல்லையே” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பட்டன் கடைக்காரன் போனைக் கீழே வைத்தான். “எங்கிட்ட வாங்குனப்ப எந்தப் புக்கப் பாத்து வாங்குன மாப்ள?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. சரக்கு என்ன கலர் என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

அதற்குப் பதில் சொல்ல இரண்டு வழிதான் இருந்தது. விதி இல்லை என்றால் டப்பாவைக் கவிழ்த்து அவரவர் காயை அவரவருக்குக் கொடுக்க வேண்டும், கொம்புப் பட்டன் உட்பட. அதாவது, இத்தனை நாள் நான் எடுத்தது எல்லாம் வெறும் பிடுங்கல் என்று நானே சொல்ல வேண்டும். விதி உண்டு என்றால் பித்தளையைக் கொடுக்க வேண்டும். நல்ல மனுஷன் என்றால் முதலாவதைச் செய்திருப்பான். நான் பித்தளையை எடுத்துப் பேங்க்காரன் முன்னால் மேஜையில் டங்கென்று வைத்தேன்.

“எடு.”

“அண்ணே, நெசமாவே வேணாம்...”

“எடுக்குறியா, இல்ல நானே உன் பொட்டில வைக்கவா? நீ விட்டுக் குடுத்து நான் வச்சுக்கணும்னு ஒண்ணும் இல்ல.”

எடுத்தான். ஊதாப் பெட்டியில் அவனுக்குக் குழி இல்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வாரேண்ணே” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். சட்டை அந்தப் பக்கமாக இழுத்துத் தொங்கியது. கனமான காய்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் யார் வந்தாலும் எரிந்து விழுந்தேன். இன்னொன்று கடைந்துகொள் என்று பட்டன் கடைக்காரன் போனில் சொன்னான். தண்டு இல்லை, இருந்தாலும் செய்யமாட்டேன். தோற்ற சேவலுக்குப் பதிலாக அதே மாதிரி இன்னொரு சேவலை வாங்கி நிறுத்துவது பேங்க்காரன் புத்தி.

அடுத்த ஞாயிறும் எனக்கு அவன்தான் எதிரி. நான் எட்டு இரும்போடு உட்கார்ந்தேன். அவன் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். எட்டு ஊதா, ஒன்று பித்தளை. பந்து அவனுக்கு. முதல் முறையே கூண்டு கட்டினான். அதில் முன் இடது மூலையில் என் ஓட்டக்காரனை நிறுத்தினான்.

மூலையில். சுவராக. ஒன்பது கட்டம் நடக்கிறவனை, சாய்ந்து ஓடுகிற மாதிரி மூன்று வாரம் ராவி எடுத்தவனை, முறைக்கு இரண்டு கட்டம் நகர்கிற கூண்டுக்குத் தூணாக வைத்திருந்தான்.

“அவன எதுக்கு அங்க நிறுத்துற? அவன் ஓடுறவன்” என்றேன்.

“வெயிட்டா இருக்கார்ணே. கார்னர்ல நின்னா கூண்டு கலையாம இருக்கும்” என்றான். என்னைக் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

“கேளு மாப்ள, இன்னும் கேளு” என்று வெற்றிலைக்காரர் சிரித்தார்.

என் முறை வந்தது. பின் மூலையை உடைப்பதுதான் சரியான ஆட்டம், அது எனக்குத் தெரியும். என் இரும்புகளில் கனமான இரண்டை முன் மூலைக்கு நகர்த்தினேன். பித்தளைக்கு எதிரே ஒன்று, உதவிக்கு ஒன்று.

“அண்ணே, அது உங்க ஆளு” என்றான் பேங்க்காரன்.

“உன் ஆளு” என்றேன். “பகடைய எடு.”